ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி: பார்த்து வாங்குவதும் வைத்து ஓட்டுவதும்

கொங்குப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் சாதாரணமாக மூன்று வண்டி நிற்கும். தண்ணீர் கட்டப் போக ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், டவுனுக்குப் போய்வர ஒரு ஸ்பிளெண்டர், தேங்காய், தீவனம், ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஆம்னியோ பொலிரோவோ டாடா ஏஸோ. மூன்றில் ஒன்றாவது இரண்டாவது, மூன்றாவது கை மாறி வந்ததாக இருக்கும். ஒன்று ஓய்ந்ததும் அதே விலையில் இன்னொன்று வரும். இப்படிப் பழைய வண்டிகளையே மாற்றி மாற்றி வைத்து ஓட்டினால் மாதத் தவணை இல்லை, தேய்மான நட்டம் இல்லை. ஆனால் வாங்கும்போது ஒரு மணி நேரமும், வாங்கிய முதல் மாதத்தில் கொஞ்சம் பணமும் செலவழிக்கத் தயங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

பழைய வண்டியைச் சாகடிப்பது பெரும்பாலும் சூடும், மாற்றாத எண்ணெயும், ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீரும்தான். இரண்டு லட்சம் ஓடியும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட இன்ஜின், எழுபதாயிரத்தில் ஒருமுறை கொதித்த இன்ஜினைவிட மேல். கீழே வரும் சோதனைகளில் பாதி இதைக் கண்டுபிடிக்கத்தான்.

எந்த வண்டியைத் தேடுவது

தாலுகா டவுனிலேயே பாகம் கிடைக்கிற வண்டியாக இருக்க வேண்டும். ஆம்னி 1984 முதல் 2019 வரை தயாரானது. மாருதி 800-ல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் குடும்பம். கோபியிலும் தாராபுரத்திலும்கூட கடைக்காரர் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார். 1994-ல் வந்த ஸ்பிளெண்டர், 2000-ல் வந்த பொலிரோ, 2005-ல் வந்த டாடா ஏஸ் மூன்றும் அப்படித்தான். உள்ளூரில் இல்லாததற்குக் கோவை நஞ்சப்பா சாலைக் கடைகள், பழைய பாகத்துக்கு உக்கடம்.

இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் கார்கள் மலிவாக வரும். ஷெவர்லே 2017-ல் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இன்ஜின் சாமான் ஓரளவு கிடைக்கும். ஹெட்லைட், முன்கண்ணாடி, கதவு பீடிங் என்று வரும்போதுதான் அலைச்சல். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே வண்டி இருந்தால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு வண்டி ஓய்ந்து அடுத்ததை எடுக்கும்போது முடிந்தவரை அதே மாடலையே எடுங்கள். பழைய வண்டியின் நல்ல ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், வீல் எல்லாம் புதியதற்கு மாற்று ஆகும். அந்த வண்டியின் குணமும் உங்களுக்கு அத்துப்படி. ஆனால் ஆம்னி என்றால் பழைய கார்புரேட்டரா, பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் எம்பிஎஃப்ஐயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள், இக்னிஷன் சாமான் ஒன்றுக்கொன்று சேராது.

ஆடி மாதம் வண்டி வாங்க ஆள் குறைவு. அந்தச் சாங்கியம் பார்க்காதவர்களுக்குப் பேரம் நன்றாகப் படியும்.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேட்டர் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாத குறையையோ குளிரில் வரும் புகையையோ மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். பச்சையோ சிவப்போ நீலமோ கூலண்ட் நிறம் இருந்தால் நல்லது. செங்கல் நிறத்தில் இருந்தால் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. மேலே எண்ணெய் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) சந்தேகம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் பால் டீ நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால், தண்ணீர் ஆயிலுக்குள் போகிறது. குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் லேசாக இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

இப்போது ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஓரிரு குமிழி வரும், நின்றுவிடும். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, ஆக்ஸிலேட்டர் கொடுத்தவுடன் தண்ணீர் எழும்பினாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிகிறது. ஹெட் இறக்க வேண்டிவரும். மூடியை இன்ஜின் சூடாவதற்குள் போட்டுவிடுங்கள்.

சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடி மட்டுமோ, இறக்கத்தில் கால் எடுத்து மறுபடி அழுத்தும்போதோ வந்தால் வால்வு சீல். ஓடும்போதும், ஏற்றத்தில் அழுத்தும்போதும் விடாமல் வந்தால் ரிங்கும் போரும் (பிஸ்டன் வளையமும் அது ஓடும் சிலிண்டர் சுவரும்). வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசம் அடித்தால் கூலண்ட் எரிகிறது. கறுப்புப் புகை பெரும்பாலும் எரிபொருள் கூடுதல் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. இதைச் சரி செய்வது சுலபம்.

சூடான பின் ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளை மேல் தலைகீழாக வைத்துவிட்டுக் கையை எடுங்கள். லேசாக அதிரலாம். துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, ரிங் தேய்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டருக்கு 150 முதல் 180 பிஎஸ்ஐ வரை வருவது ஆரோக்கியம். அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம்: 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறது என்றால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு.

கிளட்ச்சுக்கு: கைப்பிரேக் இழுத்து, நான்காவது கியர் போட்டு, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் முடிந்தது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு, மூன்றாவது கியரில் வேகம் ஏற்றிச் சட்டென்று காலை எடுங்கள். கியர் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் கியர் பாக்ஸ் வேலை. ஆம்னி, பொலிரோ, ஏஸ் போன்ற பின்சக்கர வண்டிகளில் கியர் மாற்றும்போது "கடக்" என்று ஒரு அடி கேட்டால் யூஜே கிராஸ் (பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் மூட்டு). அது சில்லறை வேலை. 50 கிமீ வேகத்தில் பின்னால் ஊளை இட்டு, காலை எடுத்தால் ஊளை மாறுவது கிரவுன் (பின் அச்சில் உள்ள பல்சக்கரம்). அது பெரிய வேலை.

மீட்டரை நம்ப வேண்டாம். திருப்பிவைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் வளைவில் கை பிடிக்கும் இடம், டிரைவர் சீட்டின் வலது ஓரம் இவற்றின் தேய்மானமும் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். நாற்பதாயிரம் காட்டுகிற வண்டியில் பெடல் ரப்பர் மொழுக்கென்று இருந்தால் கணக்கு இடிக்கிறது. புத்தம் புதிய பெடல் ரப்பரும் சந்தேகத்துக்கு உரியதுதான். "ஒரே கை வண்டிங்க, டாக்டர் ஓட்டினதுங்க" என்பதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் விற்கிற வண்டி எல்லாம் டாக்டர் ஓட்டியதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் ஆளே இருந்திருக்காது.

பட்டி பார்த்த இடம் தெரிய ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, தளம் என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான். ஆம்னியில் பேட்டரி உட்காரும் இடம், பக்கக் கதவு ஓடும் தண்டவாளத்தின் அடி, மிதியடிக்குக் கீழே உள்ள தளம் மூன்றையும் பார்க்காமல் பேசி முடிக்கக்கூடாது. கோழி எருவோ உரமோ ஏற்றிய ஏஸ், பொலிரோ பிக்கப் என்றால் பாடிக்குக் கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். அம்மோனியாவும் உப்பும் தகட்டைச் செதில் செதிலாக எடுத்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் ரப்பர் கீறல் விட்டிருக்கும். நான்கு டயர் விலையை அங்கேயே கழித்துப் பேசுங்கள்.

பேப்பர் வேலை

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் கையில் வாங்கி, எண்ணை எம்பரிவாகன் செயலியிலும் போட்டுச் சரிபாருங்கள். சேஸிஸ் எண் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் பதியும். அது ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்சியில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டாத அபராதச் சலான்களையும் பாருங்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. கேரள, கர்நாடக வண்டி என்றால் படிவம் 28-ம் வேண்டும். பாலக்காட்டு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் இங்கே கட்ட வேண்டிய வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

பெயர் மாற்றத்தை ஒத்திப்போடாதீர்கள். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே விற்கும்போதுதான் இதில் இன்னும் அதிகக் கவனம் தேவை. "அப்புறமா மாத்திக்கறங்க" என்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000, இருசக்கர வண்டிக்கு 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் அது 10,000, 2,000 ஆனது. பசுமை வரி தனி. பதினான்கு வருட வண்டி வாங்கும்போது இந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது என்பதை விலையில் காட்டுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதன் பிறகு வருடா வருடமும் எஃப்சி. டெல்லியில் பேசப்படும் பத்து வருட டீசல் தடை இங்கே கிடையாது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கும் புரோக்கர்களும் உண்டு.

வாங்கிய முதல் மாதம்

வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். 1,20,000 ரூபாய் ஆம்னி என்றால் ஒரு 25,000. பழைய ஓனர் "போன மாசந்தான் ஆயில் மாத்தினேன்" என்றாலும் எல்லாத் திரவத்தையும் மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் கணக்கு உங்கள் கையில் இருந்து ஆரம்பிக்கும்.

ஆயிலும் ஃபில்டரும் முதல் வேலை. ஆம்னிக்குச் சுமார் 3 லிட்டர், ஸ்பிளெண்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவு எதுவானாலும் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்பதுதான் கணக்கு. பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 போதும். சின்தெடிக் போட்டால் காய்ந்த சீல் வழியாகக் கசிவு தெரிய ஆரம்பிக்கலாம், காசும் வீண். உள்ளே கறுப்புக் கூழ் படிந்த இன்ஜினுக்கு ஃபிளஷ் திரவம் ஊற்ற வேண்டாம். கூழ் கட்டியாகக் கழன்று ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் பேரிங் போய்விடும். மலிவான ஆயிலை ஊற்றி 1,000 கிமீயில் இறக்கி, மறுபடி ஊற்றி 2,000 கிமீயில் இறக்குங்கள். மெதுவாகக் கரைந்து வரும். அதன் பிறகு 5,000 கிமீ அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

கியர் ஆயிலில், கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம், பின் கிரவுனுக்கு ஜிஎல்-5. கடையில் இரண்டுக்கும் ஒரே டின்னைக் கொடுப்பார்கள். ஜிஎல்-5-ல் உள்ள கந்தகச் சேர்மானம் சில கியர் பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையத்தை (கியர் சத்தமில்லாமல் விழ உதவுவது) அரிக்கும். பிரேக் திரவம் முழுதாக மாற்ற டாட் 3 அல்லது 4 அரை லிட்டர் சீல் பாட்டில் வேண்டும். திறந்து வைத்த பாட்டில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், வாங்காதீர்கள். பிளீடிங் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது) பொதுவாக மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட் தனிக் கதை. மாருதி 800, ஆம்னி, சான்ட்ரோ, இன்டிகா டீசல், குவாலிஸ், இன்னோவா 2.5 டீசல் இவற்றில் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லையானால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டீசல் இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடித்து ஹெட் காலி. பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும், அந்தப் பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப் சுற்றினால் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். மறுபடி பிரிக்கும் கூலி மிச்சம். ஸ்விஃப்ட் 1.3 டீசலில் செயின். அது கிலோமீட்டருக்கு அறுவதில்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் இழுபட்டுச் சத்தம் போடும்.

தண்ணீர்தான் பாதி ஆயுள்

கொங்கு நாட்டில் பழைய வண்டிக்கு எமன் போர் தண்ணீர். ஐந்நூறு, ஆயிரம் அடியில் இருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கூடுதல். ரேடியேட்டரில் ஊற்றினால் ஹெட்டுக்குள் மிகச் சூடான இடத்தில்தான் முதலில் படியும். வால்வைச் சுற்றி அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. முள் நடுவில் நிற்கும்போதே உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

சுத்தம் செய்யும் முறை: குளிர்ந்த இன்ஜினில் கீழ் ஓஸைக் கழற்றி வடியவிடுங்கள். மாட்டி, ஆர்ஓ தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் இருந்தால் சூடான பக்கம் திருப்பி, ஃபேன் ஒருமுறை சுற்றும்வரை ஓட்டுங்கள். குளிரவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. கடைசியில் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு வடித்தாலும் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். எனவே கலந்த கூலண்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவில் பாதிக்குக் கலக்காத கூலண்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பேட்டரிக்கு வாங்குகிற அதே டிஸ்டில்டு வாட்டர்தான். கலந்தே விற்கும் கூலண்டை வாங்கிவந்து மேலும் தண்ணீர் சேர்ப்பது வழக்கமாக நடக்கும் தவறு. டப்பாவைப் படித்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத வால்வு) கழற்றி எறிவது இங்கே ஊரறிந்த பழக்கம். "வெயில் ஊருங்க, அது எதுக்குங்க" என்பார் மெக்கானிக். கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி, சூடு கூடவே செய்யும். சோதிப்பது சுலபம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து, கொதிநிலைக்கு முன் முழுதாகத் திறக்க வேண்டும். குளிர்ந்த பின் மூட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் புதிது போடுங்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் ஓடும் வண்டியில் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே பஞ்சு ஒட்டிக் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மஞ்சித் தூள். முன்னால் இருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே போகும். இன்ஜின் பக்கம் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே வைத்தால் துடுப்புகள் மடங்கும். பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் ராடு விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைக்கலாம். மேலே பிளாஸ்டிக் டேங்க் உள்ள அலுமினிய ரேடியேட்டரில் டேங்க் விரிந்தால் எம்-சீல் ஒருநாள் கூத்து, புதிதுதான் வழி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விட்டுப்போனாலும் வண்டி கொதிக்கும். நூறு இருநூறு ரூபாய் மூடியை முதலில் மாற்றிப் பாருங்கள்.

ஓட்டும்போது முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டுங்கள். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் என்பதால் முள்ளுக்கு முன்பே சீட்டுச் சூடும் வாசமும் சொல்லிவிடும். நிறுத்தி முக்கால் மணி நேரம் மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் விரியும் அல்லது வளையும். ஒருமுறை நன்றாகக் கொதித்த ஹெட்டை இறக்கினால் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். இந்தச் சிறு இன்ஜின்களில் 0.05 மிமீ தகடு உள்ளே போனால் ஃபேசிங் அடித்து (கடைந்து சமமாக்கி) ஆக வேண்டும். போல்ட்டை நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். கைப்பதத்தில் முறுக்குகிற இடத்தில் ஹெட் வேலை கொடுக்க வேண்டாம்.

பிரேக்கும் மலைப்பாதையும்

பண்ணாரியில் இருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40. ஏறுவதில் இன்ஜின் தெரியும், இறங்குவதில் பிரேக் தெரியும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் திரவம் தொடர்ந்து மிதித்தால் கொதித்துக் குமிழியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மலைக்குப் போகிற வண்டியில் இரண்டு வருடத்துக்கு மேல் அதே திரவம் இருக்கக்கூடாது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்.

பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கிட் மாற்றாமல் சிலிண்டரையே மாற்றுவது நல்லது. உள்சுவர் அரித்திருந்தால் புதுக் கப்பும் நாலு மாதம்தான். மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரைச் சோதிக்க, இன்ஜின் நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

கரன்ட், எலி, எத்தனால்

இருபது ரூபாய் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றிய வண்டியை எடுத்தால் அன்றே பிரித்துச் சரியான ஆம்பியர் போடுங்கள். மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ராத்திரி நின்ற பேட்டரி 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழ் விழக்கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.4. எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டு மாட்டுங்கள். பாதி வண்டியில் அதுதான்.

தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். ராத்திரி பானெட்டைத் திறந்துவைத்தால் இருட்டும் கதகதப்பும் இல்லாமல் வராது. மற்ற மருந்தெல்லாம் இரண்டாம் பட்சம்.

இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் ஓஸ், கார்புரேட்டர் ஓ-ரிங் பெரும்பாலும் அதற்காகச் செய்தவை அல்ல. ஓஸ் உப்பினாலோ பிசுபிசுத்தாலோ இப்போது விற்கும் எரிபொருள் ஓஸை அளவு சொல்லி வாங்கிப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிற கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

இருசக்கரம்

ஸ்பிளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலதுபக்கக் கவருக்குள் சுற்றும் ஒரு கிண்ணமும், ஒரு வலையும்தான். அழுக்கு அந்தக் கிண்ணத்தில் சேறாக ஒட்டும். கிளட்ச் வேலைக்குக் கவர் திறக்கும்போதெல்லாம் அதைச் சுரண்டிப் பெட்ரோலில் கழுவச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். ஆயில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ என்று போட்டது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 2,500 முதல் 3,000 கிமீயில் மாற்றுங்கள். செயின் தொய்வு இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர்.

பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். "கொஞ்சம் சேர்த்து ஊத்தினா இன்ஜின் நிக்கும்" என்பது தப்பு. சைலன்சரும் எக்ஸாஸ்ட் வாயும் கரி பிடித்து இழுவை போய்விடும். இழுவை குறைந்தால் சிலிண்டரைப் போர் அடிப்பதற்கு (கடைவதற்கு) முன் சைலன்சரைக் கழற்றிக் கரி எடுத்துப் பாருங்கள்.

டீசலும் பாரமும்

பழைய பொலிரோ டிஐ, ஏஸ், இன்டிகா போன்ற மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் டீசல் காலியானாலோ ஃபில்டர் மாற்றினாலோ ஏர் பிடிக்கும். ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்துங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது அழுத்தியபடியே ஸ்குருவை இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி மீதி ஏரை எடுக்கலாம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய காமன் ரயில் டீசல் வண்டியில் இந்த வேலை கூடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். தோலைத் துளைத்துவிடும். ஃபில்டர் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை வடித்துவிடுங்கள்.

ஏஸின் 702 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் அதிர்வு அதிகம் உள்ளது. மவுண்ட் ரப்பர் கிழிந்தால் சைலன்சர் பைப்பும் பிராக்கெட்டும் வரிசையாக உடையும். மவுண்டை விட்டுவிட்டு பைப்பையே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தால் முடிவே இல்லை. கிங்பின், ஸ்பிரிங் ஷேக்கிள், யூஜே எல்லாவற்றின் நிப்பிளிலும் (கிரீஸ் அடிக்கும் வாய்) பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். வராத நிப்பிள் அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பதை வேண்டாம் என்று சொல்லுங்கள். தகட்டுக்கு நல்லது, புஷ் ரப்பருக்கு விஷம்.

லேத்தும் நோட்டும்

இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவருக்குள்ள பெரிய வசதி லேத். பம்ப்செட்டுக்கும் தறிக்கும் பழகின கை. கிடைக்காத புஷ், தேய்ந்த ஷாஃப்ட், புல்லி எதையும் மாதிரி கொடுத்தால் கடைந்து தருவார்கள். புஷ்ஷுக்குக் கன்மெட்டலா ஸ்டீலா என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள். ஆனால் பிரேக், ஸ்டீயரிங் பாகங்களில் கடைந்ததும் வேண்டாம், உக்கடத்துப் பழையதும் வேண்டாம். டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், பிரேக் ஓஸ் மூன்றும் புதிதாகத்தான். பழையதாக வாங்கத் தகுந்தவை கதவு, கண்ணாடி, வீல், ஆல்டர்னேட்டர் உடம்பு.

ஒரு நாற்பது பக்க நோட்டு டேஷ்போர்டில் இருக்கட்டும். தேதி, கிமீ, செய்த வேலை, பாகத்தின் பிராண்ட், தொகை. ஆயில் டாப்-அப் செய்ததையும் எழுதுங்கள். 1,000 கிமீக்கு அரை லிட்டர் குடிக்கிற இன்ஜினை ஊற்றி ஊற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தாண்டினால் இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். எழுதவில்லை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எப்போது விடுவது

இன்ஜின் வேலைக்காக வண்டியைக் கைவிடுவது பெரும்பாலும் தப்பு. பாடி நன்றாக இருந்தால் போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து ஓட்டலாம். சேஸிஸோ ஸ்பிரிங் மாட்டும் இடமோ துருப்பிடித்து உடைந்தால் எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்து விரியும். நோட்டில் கடந்த 12 மாதச் செலவு வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டி, இன்னும் பெரிய வேலை காத்திருந்தாலும் அப்படியே.

கழிக்க முடிவு செய்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு வந்தால் ஆர்சி உயிரோடுதான் இருக்கும். பதிவு பெற்ற வாகனக் கழிப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்று வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் அடுத்த வண்டிக்கு ஆகிற ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டார்ட்டர் போன்றவற்றைக் கழற்றுவதானால் மையத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழு வண்டிக்குச் சொன்ன விலையைக் குறைப்பார்கள். ஃபாஸ்டாக்கை மூடிவிட்டு, இன்சூரன்ஸில் மீதி மாதமும் நோ கிளெய்ம் போனஸும் இருந்தால் கம்பெனிக்கு எழுதி, போனஸைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.